தொடர்பில்லாத ஒருவர் தேவை

வலை மேடத்தின் பதவி உயர்வுக் கோப்பு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது அதன் மேல் பச்சை மையில் ஒரு குறிப்பு இருந்தது. "தகுதியான மதிப்பீட்டாளர் உலகில் இல்லை. தக்க நடவடிக்கைக்காக விண்ணப்பதாரருக்கே திருப்பி அனுப்பப்படுகிறது."

உலகில் இல்லாத ஒருவரை வரவழைக்க விண்ணப்பதாரர் என்ன நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று குறிப்பில் இல்லை.

வலை மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். எது எதோடு பிணைந்திருக்கிறது, ஓரிடத்தில் அறுந்தால் அடுத்து எங்கே அறும் என்று ஆராய்வது அவர் வேலை. மின்கம்பி, சாலை, வதந்தி, காய்ச்சல் எல்லாமே அவருக்குச் சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். மாமனார் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மருமகளும் தன் தொழிலுக்கே வந்துவிட்டாள் என்பதில் அவருக்கு ரகசியப் பெருமை.

"லைன் கெடச்சுதாம்மா?" என்பார், மேடம் மாலையில் வீடு திரும்பியதும்.

"இன்னும் இல்ல மாமா. எங்கேஜ்டாவே இருக்கு."

மேடம் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் ஏழு ஆண்டுகளுக்குள் இணைப் பேராசிரியர் ஆகிவிட வேண்டும். ஆகாவிட்டால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். மேடத்துக்கு ஏழாவது ஆண்டில் ஐந்து மாதங்கள் மிச்சமிருந்தன. இதே துறை இருக்கிற அடுத்த பல்கலைக்கழகம் நானூறு கிலோமீட்டர் தள்ளி. கணவர் பல் செட் செய்பவர். ஊரில் பாதி வாய்களுக்குள் அவருடைய கைவேலைதான் இருந்தது. அத்தனை வாய்களையும் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவது சின்னக் காரியமில்லை.

இக்கட்டு இரண்டு விதிகளால் வந்தது. முதலாவது கூட்டு மனப்பான்மை விதி. தனியாக எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் கிடையாது. சேர்ந்து எழுதினால், கூட்டாளி ஒருவருக்கு அரை என்ற கணக்கில் மதிப்பெண் சேரும். மேடம் விதியை மதிப்பவர். ஆறு ஆண்டுகளில் பதினெட்டு நாட்டவரோடு சேர்ந்து எழுதினார். ஒரு கட்டுரையில் மட்டும் எண்பத்து மூன்று பேர். அது வெளியானபோது எல்லோருக்கும் நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினார். ஒருவர், "வாழ்த்துகள். எந்தக் கட்டுரை?" என்று பதில் போட்டார்.

இரண்டாவது நடுநிலை விதி. யாரோ ஒருவருடைய மதிப்பீட்டாளர் அவருடைய மைத்துனராகவே இருந்தது தெரியவந்து, அதைத் தடுக்கக் கொண்டுவந்தது. மதிப்பீட்டாளர் அதே துறையில் ஒரு கட்டுரையாவது எழுதியிருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பதாரரோடு சேர்ந்து எழுதியிருக்கக் கூடாது. அப்படி எழுதியவரோடும் எழுதியிருக்கக் கூடாது. அவரோடு எழுதியவரோடும் கூடாது. அந்த மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து எதையும் எழுதியதில்லை என்பதால் புதிய விதி அவர்களைத் தொடவில்லை.

இரண்டு விதிகளையும் உருவாக்கிய குழுக்களுக்குத் தலைவர் ஒருவரே. அவர் புலத்தலைவர். இரண்டுக்காகவும் அவருக்குத் தனித்தனியாகப் பாராட்டு விழா நடந்தது.

கோப்பைத் தூக்கிக்கொண்டு மேடம் நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போனார். அங்கே பதவி உயர்வுப் பிரிவின் அலுவலர் இருந்தார். எந்தக் கேள்வியானாலும் "விதிப்படி" என்றே பதிலைத் தொடங்குவதால் அவருக்கு விதி சார் என்று பெயர். கையெழுத்தானாலும் நிராகரிப்பானாலும், அவர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்கள் எல்லாம் விதி என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

"அறுபத்து நாலு பேர் பேரு போட்டுப் பார்த்தோம் மேடம். ஒருத்தர் கூடத் தேறல. உங்களோட எழுதினவர், அவரோட எழுதினவர்னு எல்லாரும் உங்களுக்கு மூணு அடிக்குள்ள வந்துடறாங்க."

"வருவாங்க சார். எல்லாருமே எல்லாருக்கும் கிட்டத்துல இருக்காங்கங்கறதுதான் எங்க துறையில முதல் பாடம்."

"அந்தப் பாடத்தை நீங்க கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம்." பேனாவை மூடினார். "சரி, வேற வழியில்ல. தொடர்பே இல்லாத ஒருத்தரை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"நானா? மதிப்பீட்டாளர் யாருன்னு எனக்குத் தெரியக் கூடாதே."

"ஆமா, தெரியக் கூடாது. கண்டுபிடிக்கணும், தெரியக் கூடாது. விதிப்படி ரெண்டும் வேற வேற."

மேடம் இரண்டு நாள் உட்கார்ந்து நிரல் எழுதினார். இதுவரை அந்தத் துறையில் அச்சான எல்லாக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலையும் அது புரட்டி, அவரிடமிருந்து மூன்று அடிக்கு அப்பால் நிற்பவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும். அதை விதி சாரின் கணினியில்தான் ஓட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, கையை மட்டும் பின்னால் நீட்டி விசையைத் தட்டினார். எதிரே தீயணைப்புக் கருவியின் செய்முறை ஒட்டியிருந்தது. முதல் வரி: பதற்றப்படாதீர்கள். நாற்பது நிமிடங்களில் அவர் அதைப் பதினோரு தடவை படித்தார்.

"வந்துடுச்சு," என்றார் விதி சார். "திரும்பாதீங்க. மூணு பேரு. அதுல ரெண்டு பேரு காலமாயிட்டாங்கன்னு போட்டிருக்கு."

"அப்ப ஒருத்தர்தான்."

"இறந்தவங்களைக் கேக்கக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல. ஆனா பதில் வர லேட்டாகும்." கொஞ்சம் யோசித்தார். "சரி, உயிரோட இருக்கறவரையே கேப்போம். மேடம், இந்த மாநகரக் குடிநீர்த் துறை ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்கு? யாரைப் பாக்கப் போறேன்னு சொல்ல மாட்டேன். வழி மட்டும் சொல்லுங்க."

"பஸ் நிலையத்துக்குப் பின்னாடி சார். பெரிய தொட்டி தெரியும்."

"ரொம்ப நன்றி. நீங்க எதையும் கேக்கல."

உயிரோடிருந்த அந்த ஒருவர், அதே ஊரின் குடிநீர்த் துறையில் குழாய்ப் பொறியாளர். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குழாய் உடைந்தால் அடுத்து எது உடையும் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். தனியாக எழுதினார், யாரும் படிக்கவில்லை, அவரும் அதற்கு மேல் எழுதவில்லை.

அவரை ஏற்பதா என்று தேர்வுக் குழு கூடியது. புலத்தலைவர் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே இருக்கிறது.

"இவரை நாம் உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். நம்முடைய மதிப்பெண் முறைப்படி இவர் வாங்குவது பூஜ்யம். இவர் இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால் நான் உறையைக்கூடப் பிரிக்க மாட்டேன். ஆகவே, நம் விண்ணப்பதாரரை எடைபோட உலகத்திலேயே முழுத் தகுதி படைத்தவர் இவர் ஒருவர்தான். இந்த முடிவுக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தது நம் விதிகளின் வலிமை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்."

குழு மேசையைத் தட்டியது.

மதிப்பீட்டுப் படிவம் ஒரு பக்கம். சிறப்பு, மிகச் சிறப்பு, மிக மிகச் சிறப்பு என்று மூன்று கட்டங்கள், அடியில் நான்கு வரிகளுக்கு இடம். வழக்கமாக இரண்டு நாளில் டிக் போட்டு வந்துவிடும். பொறியாளரிடமிருந்து ஐந்து வாரமாகியும் வரவில்லை. விதி சார் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"படிச்சிட்டிருக்கேன் சார்," என்றார் பொறியாளர்.

"எதை?"

"நீங்க அனுப்பின கட்டுரைங்களைத்தான்."

விதி சார் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாத்தையுமா?"

"நாப்பத்தாறுதானே அனுப்பியிருக்கீங்க. முப்பத்தொண்ணு முடிச்சிட்டேன். ஒரு கட்டுரையில ஆறாவது பக்கம் இடிக்குது, அதுக்காகத் திரும்பிப் போனதுல நாளாயிடுச்சு."

இது அலுவலகத்தில் இதுவரை நேராத விஷயம். மதிப்பீட்டாளர் கட்டுரையைப் படிக்கக் கூடாது என்று விதியில் இல்லை. அந்த நிலை வரும் என்று யாரும் நினைத்துப் பார்க்காததால் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மேடத்தின் அறைக்கதவை ஒருவர் தட்டினார். முழங்கால் வரை சேறு காய்ந்த கால்சட்டை, கக்கத்தில் ஒரு பொட்டலம், சட்டைப் பையில் மூன்று பென்சில்.

"நீங்கதானே இதை எழுதினது? ஒரு சந்தேகம் கேக்கலாமா?" பொட்டலத்தைப் பிரித்தார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு நிறைந்த மேடத்தின் கட்டுரை.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. "சார், நீங்க என்னைப் பாக்கவே கூடாது."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

அவர் விதியை விளக்கினார். பொறியாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அது ஆபீஸ்காரங்க பாடு. நான் சொல்ல வந்தது ஆறாவது பக்கம். நீங்க சோதனைக்கு எடுத்திருக்கிற வரைபடம் நம்ம ஊர்க் குழாய் வரைபடம். ஒரு சந்திப்பு போச்சுன்னா எல்லாப் பக்கமும் பாரம் பரவும், அதனால நாப்பத்தொண்ணாம் சந்திப்புதான் ரொம்பப் பலவீனம்னு எழுதியிருக்கீங்க. நான் போய்ப் பார்த்தேன் மேடம். தோண்டியே பார்த்தேன். கல்லு மாதிரி இருக்கு."

"தோண்டிப் பார்த்தீங்களா?"

"பின்ன எப்படித் தெரியும்? எப்பவும் உடையறது பதினேழுதான். ஏன்னு யோசிச்சேன். குழாயில ஒருவழி வால்வு இருக்கு மேடம். தண்ணி இந்தப் பக்கம் போகும், திரும்பி வராது. நீங்க வெறும் கோடு போட்டிருக்கீங்க. அம்புக்குறி இல்ல."

மேடம் தாளை இழுத்துப் பார்த்தார். ஒரு அம்புக்குறிகூட இல்லை. அவருடைய கட்டுரைகளிலேயே பேர் வாங்கியது அதுதான்; இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அச்சுக்கு முன் மூன்று நிபுணர்கள் பார்த்தார்கள், எத்தனையோ மாநாடுகளில் கைதட்டினார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

தவறு கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. ஆறாவது பக்கத்தை ஒருவர் படித்திருக்கிறார். படித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஏழு ஆண்டுகளில் இப்படி ஒரு மரியாதை தனக்குக் கிடைத்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"உக்காருங்க சார்," என்றார். "எந்தெந்தக் குழாயில வால்வு இருக்கு, சொல்லுங்க."

மத்தியானம் வரை அம்புக்குறி போட்டார்கள்.

சாயங்காலம் கணவரின் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு கீழ்த்தாடைப் பல் செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடிக்கும்போது ஒரு பக்கம் தூக்குதுன்னு ஆள் வந்தா, 'ரெண்டு வருஷமா இதுலதானே சாப்பிட்டீங்க'ன்னு திருப்பி அனுப்பவா முடியும்? கழட்டி ராவ வேண்டியதுதான்."

"நீ ராவினா உன் கடை போகாது. எனக்கு வேலையே போயிடும். அந்தாளோட சேர்ந்து திருத்தம் எழுதினா அவர் என் கூட்டாளி ஆயிடுவார். அப்புறம் மதிப்பீட்டாளரா இருக்க முடியாது. இருக்கறதே அவர் ஒருத்தர்."

"நீ மட்டும் எழுதேன்."

"கண்டுபிடிச்சவர் அவர். அவர் பேரை விட்டுட்டு எப்படி எழுதறது?"

கணவர் பல் செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். "சரி, எழுது. நானூறு கிலோமீட்டர் தள்ளியும் ஜனங்களுக்குப் பல்லு விழும்."

மறுநாள் மேடம் புலத்தலைவரைப் பார்த்துத் தன் கட்டுரை தவறு என்று சொன்னார். புலத்தலைவர் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு தகப்பன் மாதிரி பேசினார்.

"மொதல்ல அதைத் தப்புன்னு சொல்றதை நிறுத்துங்க. இருநூத்திப் பன்னண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. அப்படின்னா அது இருநூத்திப் பதிமூணு பேரோட தப்பு. உங்க பங்கு என்ன? அரை சதவீதம் கூட வராது. பாரத்தைப் பரவ விடறதுதானே உங்க துறையே?"

"ஆனா குழாய் வேற இடத்துல உடையுது சார்."

"குழாய் நம்ம தரவரிசையில வராதும்மா. நான் முப்பது வருஷமா இந்தப் பதவியில இருக்கேன். தப்பால யாருக்கும் கெட்ட பேரு வந்து பார்த்ததில்ல. திருத்தத்தாலதான் வருது. ஒரு தப்பு பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும். திருத்தம் போட்டா நாலு பேரு திரும்பிப் பார்ப்பான்."

மேடம் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அன்றே திருத்தத்தை எழுத ஆரம்பித்தார். நான்கு பக்கம், இரண்டு பெயர். அகர வரிசைப்படி பொறியாளர் பெயர் முதலில் வந்தது. இதழ் ஏற்றுக்கொண்டது என்று கடிதம் வந்த அன்று விதி சார் மூச்சிரைக்க அவர் அறைக்கு ஏறி வந்தார். இருபது ஆண்டுகளில் அவர் ஒரு விண்ணப்பதாரரின் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க. உலகத்துலயே மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆளு. அவரையும் கெடுத்துட்டீங்களே."

"அவர் அறிக்கை குடுத்துட்டாரா சார்?"

"குடுத்தார். அறுபத்தோரு பக்கம். படிவத்துல நாலு வரிதான் இருக்குன்னு சொன்னேன், பின்னாடி பாருங்கன்னு எழுதி மாட்டி அனுப்பியிருக்கார். இப்ப அது செல்லாது. மூணு கட்டத்துல எதுலயும் டிக் கூடப் போடல. 'நல்ல வேலை, ஒரு தப்பு இருக்கு, திருத்த முடியும்'னு எழுதியிருக்கார். இதுக்கு எங்க கிட்ட கட்டம் இல்ல."

அந்த வாசகத்தை மேடம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அம்புக்குறி போட்ட புதிய கணக்கு பதினேழாம் சந்திப்பைச் சரியாகக் காட்டியது. கூடவே இருபத்து மூன்றையும் காட்டியது. இருபத்து மூன்று இதுவரை உடைந்ததே இல்லை. மருத்துவமனைக்குப் போகிற பெரிய குழாய் அங்கேதான் திரும்புகிறது. ஒரு சனிக்கிழமை காலை பொறியாளர் அங்கே பள்ளம் தோண்ட வைத்து மேடத்தைக் கூப்பிட்டார். வாழ்க்கையெல்லாம் வலைகளை ஆராய்ந்தவர் முதல் முறையாக ஒரு வலைக்குள் ஏணி வைத்து இறங்கினார். பொறியாளர் குழாயின் அடிவயிற்றைச் சுரண்டிக் காட்டினார். இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"இன்னும் ரெண்டு மாசம் தாங்கியிருந்தா அதிசயம்," என்றார் பொறியாளர். "உங்க கணக்குதான் காட்டிக் குடுத்துது."

"உங்க அம்புக்குறி சார்."

"சரி, கூட்டுன்னே வெச்சுக்கலாம்."

மதியத்துக்குள் புதுக் குழாய் பொருத்திவிட்டார்கள். சேறு பூசிய புடவையோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் மாமனார், "லைன் போட்டாச்சு போலிருக்கே," என்றார்.

"போட்டாச்சு மாமா," என்றார் மேடம். குளிக்கப் போகும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடியதாகக் கணவர் பிறகு சொன்னார். வேலை போக அப்போது ஆறு வாரம் இருந்தது. வீடு மாற்ற அட்டைப்பெட்டிகூட வாங்கி வைத்தாயிற்று.

அதற்குள் திருத்தம் அச்சாகிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளுக்கும் இதழ்கள் ஓலை அனுப்பின. அவர்கள் எல்லோரும் தங்கள் திருத்தத்தை எழுத வேண்டியதாயிற்று. ஒவ்வொரு திருத்தமும் மேடத்தின் பழைய கட்டுரையையும் புதிய திருத்தத்தையும் மேற்கோள் காட்டியது. அந்தத் திருத்தங்களை மறுத்துச் சிலர் எழுதினார்கள். மறுத்தவர்களும் மேற்கோள் காட்டினார்கள். துணைவேந்தர் அறைச் சுவரில் பல்கலைக்கழகத்தின் மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டும் திரை ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்றதால் அதைக் கடிகாரம் என்றே பல விருந்தினர்கள் நினைத்திருந்தார்கள். இப்போது அது ஓட ஆரம்பித்தது. பழுதாகிவிட்டதென்று மின்பணியாளரை வரவழைத்தார்கள். அவர் பார்த்துவிட்டு, சரியாகத்தான் ஓடுகிறது என்றார்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மதிப்பீட்டாளர் கிடைக்காதபோது அசாதாரணத் தாக்கம் உள்ளவருக்கு நேரடியாக உயர்வு தரலாம் என்று ஒரு துணைவிதி இருப்பதை விதி சார் கண்டுபிடித்துக் கொடுத்தார். அது எப்போதும் இருந்தது. யாரும் அவரிடம் கேட்டதில்லை. மேடம் இணைப் பேராசிரியர் ஆனார். துணைவேந்தர் பேசினார்:

"ஒரு சரியான கட்டுரையால் சாதிக்க முடியாததை ஒரு தவறான கட்டுரை சாதித்திருக்கிறது. இந்த வழியை நாம் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது. வரும் ஆண்டு முதல் ஒவ்வொரு துறையும் குறைந்தது ஒரு குறிப்பிடத்தக்க பிழையைச் செய்ய வேண்டும். பிழைத் திட்டத்தை ஜூன் மாதத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். திட்டமிடாமல் செய்யப்படும் பிழைகள் கணக்கில் கொள்ளப்பட மாட்டா."

புலத்தலைவர்தான் முதலில் எழுந்து கைதட்டினார். திருத்தங்களின் அவசியத்தைத் தான் எப்போதும் வலியுறுத்தி வந்ததாக நன்றியுரையில் குறிப்பிட்டார். பிழைத் திட்டக் குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டார்கள்.

பொறியாளருக்கும் ஒரு கடிதம் போயிற்று. இனி அவர் யாரையும் மதிப்பிடத் தகுதியற்றவர் என்பதை வருத்தத்தோடு தெரிவிக்கும் கடிதம். அவர் அதை மேடத்திடம் காட்டி ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அதன் பின்பக்கத்தில் கழிவுநீர்க் குழாய்களின் வரைபடத்தைப் போட ஆரம்பித்தார். அதிலும் வால்வு இருந்தது. இரண்டாவது கட்டுரைக்கு அன்றே பிள்ளையார் சுழி விழுந்தது.

பல்கலைக்கழகத்துக்குத்தான் கவலை. அடுத்து ஒன்பது பேருடைய கோப்புகள் காத்திருந்தன, தொடர்பில்லாத ஆள் ஒருவர்கூடக் கையிருப்பில் இல்லை. ஒரு மாதம் ஆலோசித்து, நிரந்தரமாக ஒருவரை நியமித்து வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள். அறிவிப்புப் பலகையில் விளம்பரம் ஒட்டப்பட்டது.

"தொடர்பற்ற பேராசிரியர். ஓரிடம். இதுவரை யாருடனும் சேர்ந்து எதையும் எழுதியிருக்கக் கூடாது, பணிக்காலத்திலும் கூடாது. விண்ணப்பதாரரை நெருங்கி அறிந்த மூன்று பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் கட்டாயம். குழுவாகப் பணியாற்றும் திறன் விரும்பத்தக்கது."

மேடம் அதை நின்று படித்தார். பிறகு ஒரு நகலை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினார்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கே."

விதி சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். அவர் முகம் மாறியது.

"ஆமா மேடம், பெரிய தப்புதான். நல்ல வேளை பார்த்தீங்க." பச்சைப் பேனாவைத் திறந்து, பரிந்துரைக்கும் பேராசிரியர்கள் மூன்று என்பதை அடித்துவிட்டு, விதிப்படி நான்கு என்று எழுதினார்.